மாத்திரையா, ஊசியா? ஜிஏடி பரிசோதனை சொல்லும் பதில்

நம் வீடுகளில் ஒருவருக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் ஆளாளுக்குச் சொல்லும் யோசனை ஒன்றுதான்: சோற்றைக் குறையுங்கள், தினமும் நடங்கள், இனிப்பைத் தொடாதீர்கள், மாத்திரையை மறக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது நல்ல யோசனைதான். ஆனால் ஒரு சிறு பகுதியினருக்கு இது போதாது. அவர்களுக்கு வந்திருப்பதும் சர்க்கரை நோய் என்றே அழைக்கப்படுகிறது. ஆனால் காரணம் வேறு, மருந்து வேறு, ஆபத்தும் வேறு.

இனிப்பு அதிகம் சாப்பிடாத எட்டு வயதுப் பிள்ளைக்குச் சர்க்கரை 400ஐத் தாண்டுகிறது. ஒல்லியான 35 வயதுக்காரருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று மாத்திரையைக் கூட்டியும் சர்க்கரை இறங்குவதில்லை. "வாயைக் கட்டவில்லை" என்று வீட்டார் அவரைக் குறை சொல்கிறார்கள். பிள்ளை விஷயத்தில் பழி தாயின் மேல் விழுகிறது. இந்த இருவருக்கும் வந்திருக்கக்கூடியது, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே உடலைத் தாக்குவதால் வரும் சர்க்கரை. ஜிஏடி என்ற நொதிக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஒரு பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்த்தால், இதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அந்தப் பரிசோதனை என்ன, யாருக்குத் தேவை, அதன் முடிவை எப்படிப் புரிந்துகொள்வது என்பதைப் பார்ப்போம்.

கணையத்துக்கு இரண்டு வேலை

இரைப்பைக்குப் பின்புறம் கிடைமட்டமாக இருக்கும் உறுப்பு கணையம். அதன் பெரும்பகுதி செய்யும் வேலை, சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் நொதிகளைச் சுரப்பது. நொதி என்றால் உடலில் ஒரு பொருளை இன்னொரு பொருளாக மாற்றும் வேலையை விரைவாகச் செய்து முடிக்கும் புரதம். மாவுப்பொருளை உடைக்க அமைலேஸ், கொழுப்பை உடைக்க லைபேஸ், புரதத்தை உடைக்க டிரிப்சின் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நொதி உண்டு.

கணையத்தின் நடுவே ஆங்காங்கே சிறு திட்டுகளாகச் சில செல் கூட்டங்கள் உள்ளன. 1869இல் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் இவற்றை முதலில் விவரித்ததால் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்று பெயர். எடையில் பார்த்தால் கணையத்தில் நூற்றில் ஓரிரு பங்குதான். ஆனால் இன்சுலின் வருவது இங்கிருந்துதான். திட்டுகளில் உள்ள பீட்டா செல்கள் அதைச் சுரக்கின்றன. இன்சுலின் இல்லாவிட்டால் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உடல் எடுத்துப் பயன்படுத்த முடியாது.

வழக்கமாக நாம் பார்க்கும் இரண்டாம் வகைச் சர்க்கரையில் இன்சுலின் சுரக்கிறது. ஆனால் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை, சுரப்பும் மெல்ல மெல்லக் குறைகிறது. அதனால்தான் எடையைக் குறைப்பதும் நடப்பதும் மாத்திரையும் அங்கே பலன் தருகின்றன. முதல் வகையில் பீட்டா செல்களே அழிந்துகொண்டிருக்கின்றன. கிருமிகளோடு போரிட வேண்டிய வெள்ளை அணுக்கள் பீட்டா செல்களை எதிரியாக நினைத்து அழித்துவிடுகின்றன. சுரக்கச் செல்களே இல்லாதபோது, சுரப்பைத் தூண்டும் மாத்திரையால் என்ன செய்ய முடியும்? வெளியிலிருந்து இன்சுலினைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஜிஏடி என்பது என்ன?

குளூட்டாமிக் ஆசிட் டிகார்பாக்சிலேஸ் என்ற நீண்ட பெயரின் சுருக்கமே ஜிஏடி. இது செரிமான நொதி அல்ல. மூளையில் நரம்புகளின் படபடப்பை அடக்கி வைக்கும் காபா என்ற பொருளைத் தயாரிப்பது இதன் வேலை. ஆறாம் எண் பி வைட்டமினின் துணையோடு இது வேலை செய்கிறது. மூளைக்கு அடுத்தபடியாக இந்த நொதி அதிகமாக இருக்கும் இடங்களில் ஒன்று கணையத்தின் பீட்டா செல்.

மூளையில் வேலை செய்யும் ஒரு நொதிக்கும் சர்க்கரை நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். மருத்துவர்களுக்கும் இது எளிதில் தெரிந்துவிடவில்லை.

1974இல் லண்டனில் போட்டாசோ, டோனியாக் ஆகியோரின் குழு, சில சர்க்கரை நோயாளிகளின் இரத்தத்தில் கணையத் திட்டுகளுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருப்பதைக் காட்டியது. ஆன்டிபாடி என்பது எதிர்ப்பு சக்தி ஓர் எதிரியை அடையாளம் கண்டதும் அதற்கென்று உண்டாக்கும் எதிர்ப்பொருள். அம்மை வந்தவருக்கு அம்மைக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பது இயல்பு. சொந்தக் கணையத்துக்கு எதிராகவே இருந்தால்? சிறுவயதில் வரும் சர்க்கரை, உடல் தன்னையே தாக்குவதால் வருகிறது என்பதற்கு அது பெரிய ஆதாரமாயிற்று.

1982இல் ஸ்டெய்னுன் பெக்கெஸ்கோவ் என்ற ஐஸ்லாந்துப் பெண் ஆய்வாளர், புதிதாகச் சர்க்கரை கண்டறியப்பட்ட பிள்ளைகளின் இரத்தத்தை டென்மார்க்கில் தம் குழுவோடு ஆராய்ந்தார். அதிலிருந்த ஆன்டிபாடிகள் கணையத் திட்டில் உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிப்பதைக் கண்டார். அதன் எடை தெரிந்தது, ஆனால் அது என்ன புரதம் என்பது எட்டு ஆண்டுகள் தெரியவில்லை. திட்டுகளில் அது இருந்த அளவு அவ்வளவு குறைவு.

விடை வேறொரு நோயிலிருந்து கிடைத்தது. உடம்பின் தசைகள் கட்டைபோல் விறைத்துப்போகும் மிக அரிய நரம்பு நோய் ஒன்று உண்டு. 1988இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சோலிமேனா, டி கமில்லி ஆகியோர் அந்த நோயுள்ள ஒருவரைப் பரிசோதித்தார்கள். அவருக்கு முதல் வகைச் சர்க்கரையும் இருந்தது. அவருடைய இரத்தத்தில் இருந்த ஆன்டிபாடிகள் மூளையில் ஜிஏடி நொதியைத் தாக்கின. 1990இல் இரு தரப்பினரும் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, பெக்கெஸ்கோவ் தேடிய கணையப் புரதமும் இந்த ஜிஏடி நொதியும் ஒன்றே என்று உறுதியாயிற்று. இன்று லேப் ரிப்போர்ட்டில் "ஜிஏடி 65 ஆன்டிபாடி" என்று அச்சாகி வருவது இதுதான். ஜிஏடியில் உள்ள இரு வடிவங்களை எடையால் பிரித்துச் சொல்லும் எண்களில் 65 ஒன்று. (ஜிஏடி பாசிட்டிவ் என்றால் அந்த விறைப்பு நோயும் வரும் என்று அஞ்ச வேண்டாம். அது மிக மிக அரிது.)

புகை தெரிந்தால் நெருப்பு உண்டு

ஓர் ஐயத்தை இங்கே தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஆன்டிபாடிதான் பீட்டா செல்லைக் கொல்கிறதா? அப்படியானால் அதை இரத்தத்திலிருந்து வடிகட்டி எடுத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடுமே?

செல்களை அழிப்பதில் முதன்மையானவை டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். ஆன்டிபாடி, அந்தத் தாக்குதல் நடப்பதைக் காட்டும் அடையாளம். உள்ளே நெருப்பு எரிவதை வெளியே தெரியும் புகை சொல்வதைப் போன்றது. பிறவிக் குறைபாட்டால் ஆன்டிபாடி உண்டாக்கவே முடியாத ஒரு சிறுவனுக்கு முதல் வகைச் சர்க்கரை வந்ததை 2001இல் ஜெர்மானிய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எனவே புகையை விரட்டி நெருப்பை அணைக்க முடியாது. ஆனால் புகையைப் பார்த்து நெருப்பு இருப்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம்.

எவ்வளவு முன்கூட்டி? பல பிள்ளைகளுக்குச் சர்க்கரை ஏறுவதற்கு மாதங்கள், ஏன் ஆண்டுகள் முன்பே இந்த அடையாளங்கள் இரத்தத்தில் தோன்றிவிடுகின்றன. ஜிஏடி மட்டுமல்லாமல் ஐஏ-2, துத்தநாகத்தைக் கடத்தும் புரதமான இசட்என்டி-8, இன்சுலின் ஆகியவற்றுக்கு எதிராகவும் ஆன்டிபாடிகள் உண்டாகலாம். பின்லாந்து, ஜெர்மனி, அமெரிக்காவின் கொலராடோ ஆகிய இடங்களில் 13,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து கவனித்து 2013இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபாடிகள் தோன்றிய பிள்ளைகளில் சுமார் 70 விழுக்காட்டினருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் சர்க்கரை வந்தது. ஒன்றே ஒன்று இருந்தவர்களில் அது சுமார் 15 விழுக்காடுதான். ஒரேயொரு ஆன்டிபாடியை வைத்து அஞ்சிவிடக் கூடாது, இரண்டு இருந்தால் அலட்சியமாக இருக்கவும் கூடாது என்பது இதன் பாடம்.

மெலிந்த உடம்பு, கேட்காத மாத்திரை

இந்த நோய் பிள்ளைகளுக்கு மட்டுமே வரும் என்று நினைப்பது தவறு. பெரியவர்களிடம் இது மெதுவாக, சத்தமில்லாமல் நகரக்கூடும். 1993இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இருந்த ஆய்வாளர்கள் இதற்கு "லாடா" என்று சுருக்கப் பெயர் வைத்தார்கள். பெரியவர்களிடம் மறைந்திருந்து தாக்கும் வகை என்பது பொருள். தொடக்கத்தில் மாத்திரைக்குச் சர்க்கரை ஓரளவு இறங்கும். அதனால் இரண்டாம் வகை என்றே சீட்டில் எழுதப்பட்டுவிடும். மாதங்கள், ஆண்டுகள் கழித்து எந்த மாத்திரையும் கேட்காமல் போகும்.

பிரிட்டனில் இரண்டாம் வகை என்று கருதப்பட்ட 3,600க்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒருவருக்கு ஜிஏடி ஆன்டிபாடி இருந்தது. அவர்களில் 35 வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்களை எடுத்துக்கொண்டால், ஜிஏடி இருந்தவர்களில் 84 விழுக்காட்டினர் ஆறே ஆண்டுகளில் இன்சுலினுக்கு வந்துவிட்டார்கள். ஆன்டிபாடி இல்லாத அதே வயதினரில் 14 விழுக்காட்டினருக்கே அந்த நிலை வந்தது. இது பிரிட்டிஷ் வெள்ளையர்களிடம் எடுத்த கணக்கு, நம் ஊருக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் இதிலிருந்து நமக்கும் ஒரு சேதி உண்டு. மாத்திரை கேட்காததற்கு எப்போதும் வாய்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

கீழ்க்கண்டவர்கள் மருத்துவரிடம் ஜிஏடி பரிசோதனை பற்றிக் கேட்பது நல்லது:

• 35, 40 வயதுக்குள் சர்க்கரை வந்த, ஒல்லியான அல்லது எடை வேகமாகக் குறைந்தவர்கள்.
• இரண்டு, மூன்று மாத்திரைகளைச் சரியாகச் சாப்பிட்டும் சர்க்கரை இறங்காதவர்கள்.
• சிறுநீரில் கீட்டோன் தென்பட்டவர்கள்.
• தைராய்டு போன்ற, உடல் தன்னையே தாக்கும் நோய் தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ இருப்பவர்கள்.

வயது 55, பருமனான உடம்பு, பெற்றோருக்கும் சர்க்கரை, மாத்திரைக்கு நன்றாக இறங்குகிறது என்றால் இந்தப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. எல்லோருக்கும் எடுத்தால், நோயே இல்லாத சிலருக்கும் லேசான பாசிட்டிவ் வந்து வீண் கலக்கம்தான் மிஞ்சும்.

வகை தெரிவதால் இன்னொரு முக்கியமான நன்மையும் உண்டு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இன்று பரவலாக எழுதப்படுகின்றன. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் இவை, இரண்டாம் வகையினருக்கு இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்பவை. ஆனால் இன்சுலின் சுரப்பு வற்றிப்போனவர் இவற்றைச் சாப்பிட்டால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே இரத்தம் அமிலமாகும் ஆபத்து கூடுகிறது. ஒருவருக்கு நன்மை செய்யும் மாத்திரை இன்னொருவருக்கு ஆபத்தாவது இப்படித்தான். அடுத்தவர் சீட்டைப் பார்த்து மருந்து வாங்கக் கூடாது என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ஜிஏடி பாசிட்டிவ், அதோடு மேலே சொன்ன அறிகுறிகளும் உண்டு என்றால், அது முதல் வகை அல்லது லாடா என்பதற்கு வலுவான ஆதாரம். அளவைக் குறிக்கும் எண் லேபுக்கு லேப் மாறும். ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அருகே அச்சாகியிருக்கும் எல்லை அளவைத்தான் பார்க்க வேண்டும்.

நெகட்டிவ் என்றால் முதல் வகை இல்லவே இல்லை என்று ஆகிவிடாது. முதல் வகை உள்ளவர்களிலேயே ஒரு பகுதியினருக்கு எந்த ஆன்டிபாடியும் தெரிவதில்லை. எனவே பிள்ளைக்கு ஜிஏடி நெகட்டிவ் என்று ரிப்போர்ட் வந்ததை மட்டும் நம்பி ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் தேவைப்பட்டால் மற்ற ஆன்டிபாடிகளையும் பார்ப்பார்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சி-பெப்டைடு. பீட்டா செல் இன்சுலினைத் தயாரிக்கும்போது, ஒவ்வோர் இன்சுலின் மூலக்கூறோடும் ஒரு சி-பெப்டைடு துண்டும் வெளிவருகிறது. ஊசி வழியாகப் போடும் இன்சுலினில் இந்தத் துண்டு கிடையாது. அதனால் ஊசி போட்டுக்கொள்பவரின் சொந்தக் கணையம் இன்னும் எவ்வளவு சுரக்கிறது என்பதை இது காட்டிவிடும். தாக்குதல் நடக்கிறதா என்பதை ஜிஏடி சொல்கிறது. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சி-பெப்டைடு சொல்கிறது.

இந்தப் பரிசோதனையைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. சிகிச்சை பலன் தருகிறதா என்பதை அது காட்டாது. அதற்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியும் வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் அளவும்தான்.

உடன் வரும் மற்ற நொதிகள்

எதிர்ப்பு சக்தி ஓரிடத்தில் வழி தவறினால் இன்னோர் இடத்திலும் தவறக்கூடும். அங்கேயும் பல நேரங்களில் குறிவைக்கப்படுவது ஒரு நொதிதான். தைராய்டு சுரப்பியில் உள்ள பெராக்சிடேஸ் என்ற நொதிக்கு எதிரான ஆன்டிபாடியைத்தான் லேபில் டிபிஓ என்கிறார்கள். முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இது அடிக்கடி காணப்படுகிறது. குடலில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதிக்கு எதிரான ஆன்டிபாடி, கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயைக் காட்டும். சர்க்கரைக்காகச் சோற்றை விட்டு முழுக்கச் சப்பாத்திக்கு மாறிய பிள்ளை வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு என்று அவதிப்பட்டால் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் முதல் வகை என்று உறுதியானதும் மருத்துவர்கள் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். செலவை இழுக்கத்தான் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டாம்.

கணையத்தின் செரிமான நொதிகளும் சில செய்திகளைத் தருகின்றன. முதல் வகை உள்ளவர்களின் கணையம் சராசரியை விடச் சிறியதாக இருக்கிறது. இரத்தத்தில் டிரிப்சினோஜென் அளவும் குறைவாகக் காணப்படுகிறது. இது இன்னும் ஆய்வுக்கூடத்து விஷயம்தான், நோயைப் பிரித்தறிய வழக்கமாக எடுக்கும் சோதனை அல்ல. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், கணையத்தில் கல் உண்டாகி அதனால் வரும் ஒரு வகைச் சர்க்கரையும் உண்டு. டாக்டர் கீவர்கீஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னார். அந்த நோயாளிகளும் ஒல்லியானவர்கள், இளவயதினர். ஆனால் அடிக்கடி வயிற்றுவலியும் எண்ணெய்ப் பசையான மலமும் இருக்கும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற நொதி குறைந்திருக்கும், ஜிஏடி பெரும்பாலும் நெகட்டிவாகவே வரும். ஒல்லியாக இருப்பதை மட்டும் வைத்து முதல் வகை என்று முடிவு கட்டக் கூடாது என்பதற்கு இது நம் பக்கத்து உதாரணம்.

"ஊசி இல்லாமலே இறங்கிவிட்டது"

பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

பிள்ளைக்கு முதல் வகை கண்டறியப்பட்டு இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், பலருக்குத் தேவைப்படும் இன்சுலின் அளவு திடீரென்று குறையும். சிலருக்கு ஓரிரு யூனிட் போதும் என்ற நிலைகூட வரும். சர்க்கரை இயல்பாகவே இருக்கும். இதை மருத்துவர்கள் "தேனிலவுக் காலம்" என்கிறார்கள். உயர்ந்த சர்க்கரையால் களைத்துப் போயிருந்த மிச்ச பீட்டா செல்கள், ஊசியால் சற்று ஓய்வு கிடைத்ததும் மறுபடி சுரக்கத் தொடங்குவதே காரணம். சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் இது நீடிக்கலாம்.

சரியாக இந்த நேரத்தில்தான் யாரோ சொன்ன பொடியோ கஷாயமோ வீட்டுக்குள் வருகிறது. பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள், சர்க்கரை இறங்கியிருக்கிறது. பொடிதான் குணப்படுத்தியது என்று நம்பி ஊசியை நிறுத்திவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தோடு, பிள்ளையின் மேல் உள்ள பாசத்தால்தான் இதைச் செய்கிறார்கள். ஆனால் அந்த நாட்களில் இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் ஜிஏடி ஆன்டிபாடி பெரும்பாலும் அப்படியே இருக்கும். சர்க்கரை இறங்கியிருந்தாலும் தாக்குதல் நிற்கவில்லை. மிச்சமிருக்கும் செல்களும் அழியும் நாளில், ஊசியும் இல்லாத பிள்ளை கீட்டோஅசிடோசிஸ் என்ற அபாய நிலைக்குப் போகிறது.

அதன் அறிகுறிகள்: ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு வாங்குதல், மூச்சில் அழுகிய பழ வாசனை, மயக்கம். இவற்றைச் சாதாரண வயிற்றுக் கோளாறு என்றோ நெஞ்சுச் சளி என்றோ எண்ணி ஒரு நாளைக் கடத்தினாலும் உயிருக்கு ஆபத்து. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். (இந்த நிலையில் இரத்தத்தில் அமைலேஸ் நொதி கூடியிருக்கலாம். அதை வைத்தே கணைய வீக்கம் என்று முடிவு செய்துவிட முடியாது. அது பல நேரங்களில் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வருவது.)

நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வகைச் சர்க்கரை வந்த பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளில் இறந்துபோனார்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போடப்பட்டது. சாகும் நிலையில் இருந்த அவன் எழுந்து, அதன்பின் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இன்று இன்சுலினோடு முழு வாழ்நாளும் வாழ முடியும். இந்த ஊசியைப் பிள்ளைக்குக் கிடைத்த தண்டனையாகப் பார்க்காதீர்கள். பிள்ளையின் உடல் செய்ய மறந்த வேலையை இது செய்கிறது.

"இன்சுலின் பன்றியிலிருந்து எடுப்பதுதானே" என்ற தயக்கம் நம்மில் சிலருக்கு இன்னும் உண்டு. ஒரு காலத்தில் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்தது உண்மை. 1982இல் மனித இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்து விற்க அனுமதி கிடைத்தது. இன்று அட்டையில் ஹியூமன் இன்சுலின், குளார்ஜின், அஸ்பார்ட், லிஸ்ப்ரோ என்று இருப்பவை எல்லாம் பாக்டீரியா அல்லது ஈஸ்ட் வழியாகத் தயாரானவை. இந்த ஐயத்தால் யாரும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

நோன்பும் வகையைப் பொறுத்ததே. முதல் வகை உள்ளவர்கள் நோன்பு வைப்பது மருத்துவக் கணக்கில் மிக ஆபத்தான நிலைகளில் ஒன்று. பகலில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கவும், இன்சுலினை விட்டால் இரத்தம் அமிலமாகவும் வாய்ப்புண்டு. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகை நமக்குத் தெரியாததல்ல. ரமலானுக்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டு முடிவெடுங்கள். பிள்ளைகள் ஆசையில் தாமாகவே ஊசியை விட்டு நோன்பு வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறைக்க வேண்டிய நோய் அல்ல

இந்த வகைச் சர்க்கரை இனிப்பு தின்றதால் வருவதல்ல. தாய் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதால் வருவதும் அல்ல. யாரையும் ஒட்டிக்கொள்ளாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலும், அவர்களுடைய நூறு பிள்ளைகளில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு இது வருவதில்லை. பெண் பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது இதை மறைப்பதும், திருமணத்துக்குப் பின் மாமியார் வீட்டில் ஊசியை ஒளித்து வைத்துப் போட வைப்பதும் அந்தப் பெண்ணின் உயிரோடு விளையாடுவது. ஒரு வேளை ஊசியைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று உடன் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி ஆசிரியருக்கும் மதரஸா உஸ்தாதுக்கும் சொல்லி வைப்பதும் அவ்வாறே.

சுருக்கமாக, நினைவில் வைக்க:

• பிள்ளைக்குத் தாகம், அடிக்கடி சிறுநீர், திடீரென்று படுக்கையில் சிறுநீர் போதல், எடை குறைதல் என்றால் அன்றைக்கே சர்க்கரை பாருங்கள். பிள்ளைக்குச் சர்க்கரை அதிகம் என்று தெரிந்தால், ஜிஏடி முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. இன்சுலின் அன்றே தொடங்க வேண்டும்.
• ஒல்லியான இளவயதினருக்கு மாத்திரை கேட்கவில்லை என்றால், குறை சொல்வதற்கு முன் ஜிஏடி, சி-பெப்டைடு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.
• ரிப்போர்ட்டை லேமினேட் செய்யாவிட்டாலும் பத்திரமாக வையுங்கள். எந்த ஊர் மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.
• காய்ச்சல், வாந்தி என்று சாப்பிடாத நாளிலும் இன்சுலினை முழுவதுமாக நிறுத்தாதீர்கள். அளவை எப்படி மாற்றுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள்.
• செலவுக்கு அஞ்சி ஊசியைக் குறைக்காதீர்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது.
• "ஊசியை விட்டுவிடுங்கள், குணமாக்கித் தருகிறேன்" என்று எந்த முறை வைத்தியர் சொன்னாலும், அவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: "என் பிள்ளைக்கு இருப்பது எந்த வகைச் சர்க்கரை என்று உங்களுக்குத் தெரியுமா?"